இரைப்பைக் கிருமிப் பரிசோதனை: முன்னரே அறிய வேண்டியவை

வத்தல்மலையின் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து தருமபுரிக்குப் பரிசோதனைக்கு வருவோர், ஒரு நாள் கூலியை இழந்தே வருகின்றனர். அவ்வளவு சிரமப்பட்டுச் செய்துகொள்ளும் பரிசோதனை, முந்தைய நாள்களில் விழுங்கிய மாத்திரையால் தவறான முடிவைக் காட்டக்கூடும். அதனைத் தவிர்க்கவே இதனை எழுதுகிறோம்.

கிருமி எது?

இரைப்பைப் புண்ணுக்குக் காரமும் கவலையுமே காரணம் என நெடுங்காலம் கருதப்பட்டது. ஆஸ்திரேலிய மருத்துவர்களான ராபின் வாரனும் பேரி மார்ஷலும் 1982ஆம் ஆண்டு ‘ஹெலிகோபேக்டர் பைலோரி’ என்னும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தனர். இதற்காக 2005ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். இக்கிருமி புண்ணையும், சிலருக்குப் பல ஆண்டுகளுக்குப் பின் இரைப்பைப் புற்றுநோயையும் உண்டாக்குகிறது. கிருமி உள்ள பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதில்லை. ஆகவே அச்சம் வேண்டா.

எவ்வாறு கண்டறிகிறோம்?

இக்கிருமி ‘யூரியேஸ்’ என்னும் நொதியைச் சுரந்து, யூரியாவை அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் சிதைக்கிறது. முதல் இரண்டு சோதனைகள் இப்பண்பையே பயன்படுத்துகின்றன.

1. மூச்சுப் பரிசோதனை: அடையாளமிடப்பட்ட கார்பன் அணு கொண்ட யூரியாவை வெறும் வயிற்றில் உட்கொள்ளச் செய்கிறோம். கிருமி இருப்பின், அக்கார்பன் மூச்சுக்காற்றில் வெளிப்படும்.

2. எண்டோஸ்கோப்பி: இரைப்பையிலிருந்து எடுக்கும் சிறு திசுவை யூரியா கலந்த ஊடகத்தில் வைக்கிறோம். அது மஞ்சளிலிருந்து இளஞ்சிவப்பாக மாறினால் கிருமி உண்டு. திசுவை நுண்ணோக்கியிலும் காண்கிறோம். தேவைப்பட்டால் கிருமியை வளர்த்து, எம்மருந்துக்குக் கட்டுப்படும் என அறிகிறோம்.

3. மலப் பரிசோதனை: கிருமியின் புரதக்கூறு மலத்தில் உள்ளதா எனப் பார்க்கிறோம். மாதிரியை ஆய்வகம் தரும் குப்பியில் எடுத்து, வெயில் படாமல் அன்றே சேர்ப்பியுங்கள்.

4. இரத்தப் பரிசோதனை: இது எதிர்ப்பொருளை மட்டுமே காட்டும். கிருமி அழிந்த பின்னரும் எதிர்ப்பொருள் நெடுங்காலம் நீடிப்பதால், இம்முடிவை மட்டும் கொண்டு சிகிச்சை தொடங்குவது சரியன்று.

மாத்திரை ஏன் ஏமாற்றுகிறது?

ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரைகள் கிருமியை அழிப்பதில்லை; அதன் எண்ணிக்கையைக் குறைத்து ஒடுக்கி வைக்கின்றன. அந்நிலையில் முதல் மூன்று சோதனைகளும் ‘கிருமி இல்லை’ எனப் பொய்யாகக் காட்டக்கூடும். எனவே இம்மாத்திரைகளை 2 வாரங்களுக்கு முன்னரும், ஆன்டிபயாடிக் மருந்துகளை 4 வாரங்களுக்கு முன்னரும் நிறுத்தியிருத்தல் வேண்டும். ஆயினும் நீங்களாக நிறுத்தாதீர்கள். இரத்தக்கசிவு ஏற்பட்டவர்களுக்கு அது ஆபத்தாகலாம். மருந்துக்கடையில் வாங்கியவை உட்பட எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்து வாருங்கள். எதை, எப்போது நிறுத்துவது என நாங்கள் கூறுவோம்.

சிகிச்சைக்குப் பின்

வலி நின்றதாலேயே கிருமி ஒழிந்தது என்று கொள்ளலாகாது. மருந்து முடித்துக் குறைந்தது 4 வாரங்கள் கழித்து, மூச்சு அல்லது மலப் பரிசோதனையால் உறுதி செய்தல் வேண்டும். அப்போதும் மேற்கூறிய மருந்துக் கட்டுப்பாடு பொருந்தும்.

காத்திருக்கலாகாத அறிகுறிகள்

மலம் தார் போலக் கறுத்துப் போதல், இரத்த வாந்தி, திடீர்க் கடும் வயிற்றுவலி ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். காரணமின்றி உடல் மெலிந்தாலோ, விழுங்குதல் கடினமானாலோ, தாமதமின்றி எங்களைக் காணுங்கள்.