ரெட் டாட்டா, ஸ்கோப்பா? மட்டாஞ்சேரி வாசகருக்கு ஒரு கடிதம்

ஏர் பிஸ்டலில் ரெட் டாட் மாட்டலாமா, ஸ்கோப் மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஐம்பதைத் தாண்டிய வயது, வெள்ளெழுத்து, பஜார் ரோட்டுக் கிடங்கு மாடியில் கிடைக்கும் பத்து மீட்டர் இடம், எல்லாம் எழுதிவிட்டு, போட்டிக்குப் போகும் எண்ணம் உண்டா என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். என் பதில் அதைப் பொறுத்தது.

போட்டிக்கு என்றால் இரண்டுமே ஆகாது. பத்து மீட்டர் ஏர் பிஸ்டலில் சர்வதேச விதிப்படி ஓபன் சைட் மட்டும்தான். லென்ஸ், லேசர், மின்னணுக் குறி எதற்கும் இடமில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியது இப்படிப்பட்ட பிஸ்டலில்தான். அவரும் சரப்ஜோத் சிங்கும் கலப்பு அணிப் பதக்கம் வென்ற ஜூலை 30 அன்றுதான் துருக்கியின் யூசுஃப் திகெச், ஒரு கை பாக்கெட்டில், சாதாரண மூக்குக் கண்ணாடியோடு வெள்ளி வாங்கினார். அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்போது அவருக்கு வயது 51. ரைபிளிலும் கதை இதுதான்: கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடும் ஏர் ரைபிளில் இருப்பது துளைக்குறி, ஸ்கோப் இல்லை.

பொழுதுபோக்குக்கு என்றால் ஸ்கோப்பை முதலிலேயே தள்ளிவிடுங்கள். ரைபிள் ஸ்கோப்பில் கண்ணை எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் தூரத்தில் வைத்தால்தான் படம் முழுதாகத் தெரியும். பிஸ்டலோ நீட்டிய கையின் நுனியில் இருக்கிறது. படத்துக்காக அதை முகத்தருகே கொண்டுவருவது ஆபத்து. கை நீட்டிப் பார்க்கவென்றே செய்த பிஸ்டல் ஸ்கோப்பும் உண்டு. மேசையில் தாங்கு வைத்து, தூரத்து இலக்கைச் சுடுகிறவர்களுக்கு அது உதவும். நின்றபடி ஒற்றைக் கையில் பிடித்தால், அது இலக்கோடு சேர்த்து உங்கள் கை நடுக்கத்தையும் பெரிதாக்கிக் காட்டும். நடுக்கத்தைப் பார்த்ததும் மனம் பதறும், குறி தாண்டுவதற்குள் விரல் ட்ரிகரை வெடுக்கென்று இழுக்கும். பத்து மீட்டரில் கெடும் குண்டுகளில் பெரும்பாலானவை அந்த வெடுக்கில்தான் கெடுகின்றன.

ரெட் டாட் அப்படியில்லை. சின்ன விளக்கின் ஒளிப் புள்ளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி, இலக்கின் தூரத்திலேயே மிதப்பதுபோல் தெரியும்; உருப்பெருக்கம் கிடையாது, கண்ணை எவ்வளவு தள்ளியும் வைக்கலாம். ஓபன் சைட்டில் பின்குறி, முன்குறி, இலக்கு என மூன்று தூரங்கள். வெள்ளெழுத்துக் கண்ணுக்கு முன்குறி மங்கும்போது, அது ஒரு மில்லிமீட்டர் விலகினால் இலக்கில் குண்டு ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் தள்ளிப்போகும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 11.5 மி.மீ.தான். ரெட் டாட்டில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. உங்கள் வயதுக்கு அதுதான் அதன் உண்மையான பலன். கடைக்காரர் சொல்லும், சட்டென்று குறி பிடிக்கும் வேகமெல்லாம் உங்களுக்கு எதற்கு?

வாங்கினால் 2 அல்லது 3 எம்ஓஏ (புள்ளியின் கோண அளவு) புள்ளி போதும். ஒரு எம்ஓஏ பத்து மீட்டரில் சுமார் 3 மி.மீ. மறைக்கும், 6 எம்ஓஏ வாங்கினால் பத்துப் புள்ளி வட்டமே ஒளிப் புள்ளிக்குள் ஒளிந்துவிடும். வெளிச்சத்தைக் குறைத்தே வையுங்கள். புள்ளி நட்சத்திரம்போல் சிதறித் தெரிந்தால், செல்போன் கேமராவில் படம் எடுத்துப் பாருங்கள். படத்தில் உருண்டையாக இருந்தால் கோளாறு கண்ணில். கண் மருத்துவரிடம் சிதறல் பார்வை இருக்கிறதா என்று கேளுங்கள். இன்னொன்று: குறி குழலுக்கு நாலு சென்டிமீட்டர் மேலே இருந்து, பத்து மீட்டருக்குச் சரிசெய்திருந்தால், ஐந்து மீட்டரில் குண்டு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை கீழே விழும். அதற்காகத் திருகைத் தொடாதீர்கள். உங்களுடையது ஸ்பிரிங் பிஸ்டல் என்றால் அதன் முன்பின் உதறலைத் தாங்குமா என்றும், அடித்தண்டவாளம் 11 மி.மீ. அளவா என்றும் கேட்டு வாங்குங்கள்.

மட்டாஞ்சேரிக் காற்றையும் சொல்ல வேண்டும். காயல் ஈரமும் உப்பும் லென்ஸில் பூஞ்சை பிடிக்க வைக்கும். கொச்சியில் கேமரா வைத்திருப்பவர்கள் மழைக்காலத்தில் இதற்கு அஞ்சுவார்கள். நைட்ரஜன் நிரப்பி மூடியதாக வாங்குங்கள். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். ஜூன் மாதம் சுடாமல் விட்டால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

4.5 மி.மீ. துளைக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மிகாத ஏர் பிஸ்டலுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டாம். ஆனால் பஜார் ரோட்டில் ஓட்டுக்கு ஓடு ஒட்டி ஆட்கள் இருக்கிறார்கள். ஜன்னல் பக்கம் நோக்கிச் சுடாதீர்கள்; இலக்குக்குப் பின்னால் பெல்லட் தெறிக்காத பெட்டியும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். கிடங்கில் நுழையும் பறவைகளைக் குறி வைக்கும் யோசனை இருந்தால், தயவுசெய்து இப்போதே கைவிடுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதில் கண்டிப்பானது.

எனக்கு ஒரு விருப்பம் உண்டு, சொல்லிவிடுகிறேன். ரெட் டாட் வாங்குவதற்கு முன் கண் மருத்துவரிடம் போய், உங்கள் தூரப்பார்வை எண்ணோடு +0.50 அல்லது +0.75 கூட்டி ஒரு கண்ணாடி கேளுங்கள். முன்குறி தெளியும், இலக்கு லேசாக மங்கும்; ஓபன் சைட்டில் சுட அது போதும். அந்தக் கண்ணாடியோடு ஒரு டப்பா பெல்லட் தீரும்வரை சுட்டுப் பாருங்கள். அதன் பிறகும் முன்குறி பிடிபடவில்லை என்றால் தயங்காமல் ரெட் டாட் வாங்குங்கள். ஸ்கோப்புக்கு என்று ஒதுக்கிய பணம் பெல்லட்டுக்கே போகட்டும்.