சுனாமி: ஒரு சொல் தரும் பாடம்

'சுனாமி' யப்பானிய மொழிச் சொல். 'ட்சு' என்றால் துறைமுகம். 'நமி' என்றால் அலை. இரண்டும் சேர்ந்து 'துறைமுக அலை' எனப் பொருள்படும்.

ஏன் துறைமுக அலை? ஆழ்கடலில் இது மணிக்கு 700, 800 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினாலும், அதன் உயரம் பெரும்பாலும் ஒரு மீற்றருக்கும் குறைவே. வள்ளத்தில் இருப்பவர் அதை உணர்வதில்லை. கரையை நெருங்கி ஆழம் குறையும்போது வேகம் தணிந்து அலை உயர்கிறது. 1896 யூன் 15 இல் யப்பானின் சன்ரிக்கு கரையில் ஏறக்குறைய 22,000 பேர் மாண்டனர். தூரக்கடலில் நின்ற மீனவர்கள் கரை திரும்பியபோதே அழிவைக் கண்டனர்.

அடுத்த ஆண்டு லஃப்காடியோ ஹேர்ன் என்ற எழுத்தாளர் தமது ஆங்கில நூலில் இச்சொல்லைக் கையாண்டார். ஆங்கிலத்தில் முன்பு வழங்கிய 'டைடல் வேவ்' என்ற பெயர் பிழையானது. வற்றுப்பெருக்கு சந்திரனாலும் சூரியனாலும் உண்டாவது. சுனாமியோ கடலடி நிலநடுக்கம், மண்சரிவு, எரிமலை என்பவற்றால் உண்டாவது. ஆகவே அறிவியலாளர் யப்பானியச் சொல்லையே ஏற்றுக்கொண்டனர். தமிழில் 'ஆழிப்பேரலை' என்கிறோம்.

2004 டிசம்பர் 26 இல் சுமாத்திராவுக்கு அருகே நிலம் அதிர்ந்து, ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் அலை எமது கிழக்குக் கரையை அடைந்தது. இலங்கையில் 30,000 க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எம்மில் பலர் இச்சொல்லைக் கேட்டதே அதன் பின்னர்தான். பெயர் தெரியாத ஆபத்தைக் குறித்து ஒருவரையொருவர் எச்சரிப்பது எப்படி?

கடல் திடீரென உள்வாங்கினால் மேட்டு நிலத்துக்கு ஓட வேண்டும் என்பதைப் பலர் அறிவர். ஆனால் அன்று கிழக்குக் கரைக்கு முதலில் வந்தது ஏற்றமே. கடல் வற்றும்வரை காத்திருக்கக் கூடாது. நீண்ட நில அதிர்வு, கடலின் பேரிரைச்சல், அரச எச்சரிக்கை ஆகியவற்றில் ஒன்றே போதும். முதலாவது அலை வடிந்ததும் திரும்பக் கூடாது. அடுத்தது அதைவிடப் பெரிதாகவும் வரலாம்.

ஆங்கிலத்தில் 'கடிதங்களின் சுனாமி' என மிகுதியைக் குறிக்கவும் இச்சொல் வழங்குகிறது. உறவுகளை இழந்தோர் வாழும் ஊர்களில் அவ்வாறு பேசுமுன் சற்றுச் சிந்திப்போம்.

கலந்துரையாடுக:
1. உங்கள் ஊரில் மேட்டு நிலம் எது? நடந்து போக எத்தனை நிமிடம்?
2. முதியோரையும் நடக்க இயலாதோரையும் யார் அழைத்துச் செல்வது?
3. 2004 இன் பின் பிறந்த பிள்ளைகளுக்கு இதை யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்?