பிஞ்சுப் பாதத்துக்கு எந்த ஷூ? பேர்ஃபுட் ஷூ வாங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குழந்தைக்கு ஷூ வாங்கப் போனால் கடைக்காரர் அடுக்கத் தொடங்கிவிடுவார்: கணுக்காலைக் கெட்டியாகப் பிடிக்கும், உள்ளே மெத்தை, உள்ளங்கால் வளைவுக்குத் தாங்கல். பேர்ஃபுட் ஷூ இதற்கு நேர் எதிர். அடிப்பாகம் மெல்லியது, நன்றாக வளையும். குதிகாலுக்குத் தனி உயரம் கிடையாது. முன்பக்கம் விரல்கள் விரியும் அளவுக்கு அகலம். பாதத்துக்கு இது புதிதாக எதையும் செய்துவிடாது. பாதத்தை அதன் போக்கில் விட்டுவிட்டு, முள்ளும் கல்லும் சூடும் படாமல் காக்கும், அவ்வளவுதான். இவ்வளவு குறைவாகச் செய்யும் பொருளுக்கு இவ்வளவு விலையா என்று தோன்றினால், தோன்றட்டும். பெட்டியில் உள்ள பெயரை விட ஷூவின் அமைப்பைப் பார்த்து வாங்குவதுதான் முக்கியம்.

படி 1: பாதம் வளரும் விதம்

பெரியவர்களின் ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள். பிறந்த குழந்தையிடம் இவற்றில் பல வெறும் குருத்தெலும்பு. எல்லாம் கெட்டிப்பட்டு முடியப் பதின்பருவம் ஆகிவிடும். அதனால், இறுக்கமான ஷூவுக்குள் விரல்கள் மடங்கிக் கிடந்தாலும் சின்னக் குழந்தை வலிக்கிறது என்று சொல்லாது. அந்தப் பாதம் அவ்வளவு இணங்கிக் கொடுக்கும்.

“என் பிள்ளைக்குத் தட்டைப் பாதம்” என்று பதறும் பெற்றோர் ஏராளம். உள்ளங்காலில் கொழுப்புத் திரண்டிருப்பதால் சிறு குழந்தைகள் எல்லோருக்குமே பாதம் தட்டையாகத்தான் தெரியும். வளைவு மெல்ல மெல்ல உருவாகும். பலருக்கு ஆறு வயதைத் தாண்டியும் அது தொடரும். வீட்டிலேயே பார்க்கலாம்: சுவரைப் பிடித்துக்கொண்டு கால்விரல் நுனியில் எக்கி நிற்கச் சொல்லுங்கள். அப்போது உள்பக்கம் வளைவு எழும்பினால் பெரும்பாலும் கவலை வேண்டாம்.

இதில் ஷூவின் பங்கு என்ன? யு.பி. ராவ், பெஞ்சமின் ஜோசப் என்ற நம் நாட்டு மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையிலான 2,300 குழந்தைகளின் கால்தடங்களை ஆராய்ந்து 1992-இல் முடிவை வெளியிட்டார்கள். காலணி அணிந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம், அணியாதவர்களில் 2.8 சதவீதம். முன்பக்கம் மூடிய ஷூ போட்டவர்களிடம்தான் அதிகம். சாண்டலும் செருப்பும் போட்டவர்களிடம் அதைவிடக் குறைவு. இந்த ஒரே ஆய்வை வைத்து ஷூதான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுத முடியாது. வலியில்லாத தட்டைப் பாதம் நோயும் அல்ல. ஆனால் “ஷூ போட்டால்தான் பாதம் ஒழுங்காக வளரும்” என்ற நம்பிக்கைக்கு இதில் இடமே இல்லை.

படி 2: எப்போது போடுவது?

நடை பழகும் குழந்தைக்கு வீட்டுக்குள் ஷூ தேவையே இல்லை. தரையைத் தொட்டு உணர்ந்துதான் அது சமநிலை கற்கிறது. நடக்க நடக்கக் கீச்சுக் கீச்சென்று சத்தம் போடும் ஷூ பெரியவர்களின் ஆசைக்குத்தான். அதன் தடித்த அடிப்பாகம் பெரும்பாலும் வளைவதே இல்லை.

வெளியில் கதை வேறு. சித்திரை வெயிலில் தார் ரோட்டில் வெறுங்கால் வைக்க முடியாது. அசுத்தமான ஈர மண்ணில் கொக்கிப்புழுவின் இளம்புழு தோலைத் துளைத்தே உடலுக்குள் போகும். அங்கெல்லாம் காலணி கட்டாயம். சுத்தமான மணல், புல்தரை, மொட்டை மாடி என்றால் மாலையில் வெறுங்காலோடு ஓடட்டும்.

படி 3: அளவெடுப்பது

சாயங்காலம் எடுங்கள், பகலெல்லாம் ஓடியாடிய பாதம் சற்று வீங்கியிருக்கும். குழந்தையைக் காகிதத்தின் மேல் நிற்க வைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு பாதங்களையும் வரையுங்கள். பெரிய பாதம்தான் கணக்கு. நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் சேர்த்து வெட்டியெடுத்தால் அதுவே கடைக்குக் கொண்டுபோகும் அச்சு. வளரும் பிள்ளை என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்க வேண்டாம். பாதம் உள்ளே வழுக்கும், விரல்கள் பிடித்துக்கொள்ளப் பாடுபடும்.

மூன்று வயது வரை பாதம் மாதத்துக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் வளரும். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அளந்துவிடுங்கள்.

படி 4: கடையில் சோதிப்பது

கடைக்காரர் ஷூவின் முனையைக் கட்டைவிரலால் அமுக்கி “இடம் இருக்கு” என்பார். விரலை மடக்கிக்கொண்டு நிற்கும் குழந்தையின் ஷூவிலும் இடம் இருக்கத்தான் செய்யும். உள்ளே இருக்கும் இன்சோலை வெளியே எடுத்து, அதன் மேல் குழந்தையை நிற்க வையுங்கள். சுண்டுவிரல் விளிம்பைத் தாண்டினால் அந்த ஷூவைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இன்சோல் கழலாவிட்டால் நீங்கள் வெட்டிய அச்சை உள்ளே நுழைத்துப் பாருங்கள். ஓரம் மடங்கக் கூடாது.

அடுத்து ஷூவைக் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் சுலபமாக வளைய வேண்டும்; முறுக்கினாலும் இணங்க வேண்டும். தரையில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் குதிகாலும் முன்பாதமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். வெல்க்ரோ பட்டையோ கயிறோ பாதத்தின் மேற்புறத்தைப் பிடிப்பது அவசியம். பின்பட்டையில்லாத ரப்பர் செருப்பு தட்டையாக இருந்தாலும், கழன்று விடாமலிருக்க விரல்களால் பற்றிக்கொண்டே நடக்க வேண்டியிருக்கும்.

என்னைக் கேட்டால், அகலமான, வளையும் அடிப்பாகமும் பின்பட்டையும் உள்ள சாதாரண சாண்டல், விலையுயர்ந்த பேர்ஃபுட் ஷூவின் வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடும்.

படி 5: பள்ளி ஷூ

சிக்கலே இங்குதான். நாளில் அதிக நேரம் காலில் இருப்பது அந்தக் கறுப்பு ஷூ. அதுவோ பெரும்பாலும் முனை குறுகியது, அடி தடித்தது. சீருடை விதி நிறத்தை மட்டும்தான் சொல்கிறதா என்று பள்ளியில் கேளுங்கள். அப்படியென்றால் அகல முனையுள்ள எந்தக் கறுப்பு ஷூவும் போதும். வகுப்புக்குள் கழற்றி வைக்க அனுமதி கிடைத்தால் இன்னும் நல்லது. சாக்ஸையும் பாருங்கள்: இறுக்கமான நைலான் சாக்ஸ் விரல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும்.

படி 6: மாற்றுவதும், மருத்துவரைக் கேட்பதும்

சின்னக் குழந்தை ஒரே நாளில் மாறிக்கொள்ளும். பல வருடம் மெத்தை ஷூவில் ஓடிய பத்து வயதுப் பிள்ளை முதலில் சிறிது நேரம் நடக்கட்டும். ஓட்டம், விளையாட்டெல்லாம் சில வாரம் கழித்து. கெண்டைக்காலில் வலி வந்தால் நேரத்தைக் குறையுங்கள்.

பாதம் வலித்தாலோ, எக்கி நின்றும் வளைவு எழாமல் விறைப்பாக இருந்தாலோ, ஒரு கால் மட்டும் வேறு மாதிரி தெரிந்தாலோ, எப்போதும் நுனிக்காலிலேயே நடந்தாலோ எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். பிறவியிலேயே பாதம் உள்பக்கம் திரும்பிய குழந்தைக்கு மருத்துவர் கொடுத்த கம்பி இணைத்த ஷூவை, எந்தக் கட்டுரையைப் படித்தும் நீங்களாகக் கழற்றிவிடாதீர்கள்.