நான்கு சிலிண்டர், இரண்டு வாசல்

கேள்வி: பழைய ரேஸ் இன்ஜின்களில் எல்லா சிலிண்டருக்கும் காற்று சமமாகப் போவதற்கு ஹெட்டில் என்ன செய்கிறார்கள்?

பதில்: சமப்படுத்த விடாமல் முரண்டு பிடிக்கும் ஹெட்டுகளில் பிரிட்டனின் ஏ-சீரிஸுக்குத் தனி இடம் உண்டு. 1951-ல் ஆஸ்டின் ஏ30 என்ற சிறு குடும்பக் காருக்காக 803 சி.சி.யில் பிறந்த இன்ஜின் இது. 1960-களில் 1275 சி.சி. வரை வளர்ந்து மினி கூப்பர் எஸ் காரில் ஏறியது. இதன் இதய வடிவ எரியறை ஹாரி வெஸ்லேக்கின் காப்புரிமை. ஹெட்டுக்குள் போகும் காற்றை அளந்து பார்த்தே வேலை செய்த முன்னோடிகளில் அவர் ஒருவர்.

அந்த அளவைக்குத்தான் ஃப்ளோ பெஞ்ச். ஹெட்டை அதன்மேல் பொருத்தி, வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, ஒவ்வொரு திறப்பிலும் எவ்வளவு காற்று போகிறது என்று குறிப்பார்கள். வால்வின் விட்டத்தில் கால் பங்கு அளவுக்கு அது உயர்ந்ததும் சுற்றியுள்ள இடைவெளி வால்வின் பரப்புக்குச் சமமாகிவிடும். கூப்பர் எஸ்ஸின் 35.7 மி.மீ. இன்லெட் வால்வுக்கு அது சுமார் 9 மி.மீ. அதற்குக் கீழே காற்றைத் தீர்மானிப்பது வால்வு சீட்டும் அதை ஒட்டிய வளைவுமே. காற்று வரும் வழியான போர்ட்டைக் கண்ணாடிபோலப் பளபளக்கத் தேய்த்தால் பவர் கூடும் என்பது வெறும் நம்பிக்கை. உழைப்பெல்லாம் சீட்டுக்கு ஒரு விரற்கடை முன்னும் பின்னும் போக வேண்டும். போர்ட்டை அளவுக்கு மீறிக் குடைந்தால் காற்றின் வேகம் குறையும். குறைந்த சுழற்சியில் இன்ஜின் சோர்ந்துபோகும்.

அடுத்தது எரியறையின் கொள்ளளவு. ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, ஸ்பார்க் பிளக்கை மாட்டி, வால்வுகளை மூடி, ஓரத்தில் கிரீஸ் தடவித் துளையிட்ட கண்ணாடித் தகட்டை ஒட்டுவார்கள். பிறகு பியூரெட்டிலிருந்து சாயம் கலந்த மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கடைசிக் காற்றுக்குமிழி வெளியேறியதும் அளவைப் படிப்பார்கள். 1275 சி.சி. இன்ஜினில் அமுக்க விகிதம் 11 என்று வைத்தால், ஒரு அறை மட்டும் 1 சி.சி. சிறுத்துப்போனாலே அந்த சிலிண்டரில் அது 11.3 ஆகிவிடும்.

இத்தனையும் செய்த பிறகும் ஏ-சீரிஸ் சமமாகாது. நான்கு சிலிண்டருக்கு இன்லெட் வாசல் இரண்டே. 1-க்கும் 2-க்கும் ஒன்று, 3-க்கும் 4-க்கும் ஒன்று. எரியும் வரிசை 1-3-4-2. எனவே 2 மூச்சிழுக்கத் தொடங்கி 180 டிகிரி கழிந்ததும் அதே வாசலில் 1 இழுக்கும். ரேஸ் கேம்ஷாஃப்டில் இன்லெட் வால்வு சுமார் 300 டிகிரி திறந்திருப்பதால், ஏறத்தாழ 120 டிகிரிக்கு இரண்டு வால்வும் ஒன்றாகத் திறந்திருக்கும். அதன் பிற்பகுதியில் 2-ன் பிஸ்டன் மேலேறிக்கொண்டிருக்கும், 1-ன் பிஸ்டனோ முழு வேகத்தில் கீழிறங்கும். ஒரே இளநீரில் இரண்டு ஸ்ட்ரா போட்டதுபோல, பலமாக உறிஞ்சுபவருக்கே பங்கு அதிகம். 3-க்கும் 4-க்கும் இடையில் நடப்பதும் இதுவே.

ஃப்ளோ பெஞ்சில் காற்று ஒரே சீராக ஓடுகிறது. ஓடும் இன்ஜினிலோ அது துடித்துத் துடித்து வருகிறது. அதனால்தான் பெஞ்சில் நான்கு எண்ணும் அச்சாக ஒத்துப்போனாலும் இந்தத் திருட்டு அங்கே தெரிவதில்லை. பெஞ்ச் எண்ணை மட்டும் நம்பி ஹெட்டுக்கு விலை சொல்லும் வழக்கம் ஒழிய வேண்டும். ஏ-சீரிஸுக்குச் சரியான மருந்து கேம்ஷாஃப்டில் இருக்கிறது: உள் சிலிண்டர்களான 2, 3-ன் வால்வு நேரத்தை வெளி சிலிண்டர்களான 1, 4-லிருந்து சற்றே விலக்கிச் செதுக்குவார்கள். பெஞ்சில் சமமாக இருந்ததை வேண்டுமென்றே சமமில்லாமல் ஆக்கினால்தான் ஓட்டத்தில் பவர் சமமாகிறது.

கேள்வி: அப்படியானால் முதலிலேயே நான்கு வாசல் வைத்திருக்கலாமே?

பதில்: வால்வுகளைத் தள்ளும் புஷ்ராடுகளும் வாசல்கள் இருக்கும் அதே பக்கத்தில்தான் ஏறுகின்றன. அவற்றுக்கு நடுவே இரண்டு இன்லெட்டும் மூன்று எக்ஸாஸ்டும் அடங்குவதே பெரிது. சிக்கனக் குடும்பக் காருக்கு அது தாராளமாகப் போதும்.

கேள்வி: மினியிடமிருந்து ஒரு முறை பரிசைப் பறித்துவிட்டார்களாமே, இன்ஜினில் ஏதும் தில்லுமுல்லா?

பதில்: இன்ஜினில் ஒரு குறையும் இல்லை, குற்றம் சாட்டப்பட்டது முகப்பு விளக்கு. 1964-ல் பேடி ஹாப்கர்க்கும் 1965-ல் டிமோ மேக்கினனும் மான்டி கார்லோ ராலியில் மினியை ஜெயிக்க வைத்தார்கள். 1966-லும் முதல் மூன்று இடங்களில் மினிகளே வந்தன. விளக்கு பல்பு விதிப்படி இல்லை என்று மூன்றையும் தகுதிநீக்கம் செய்து, சிட்ரோயன் ஓட்டிய பௌலி டோய்வோனனுக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். வேகத்துக்கும் பல்புக்கும் சம்பந்தமே இல்லாத அந்தத் தீர்ப்பு அநியாயமானது. 1967-ல் ரௌனோ ஆல்டோனன் மினியிலேயே வந்து ஜெயித்தார்.