ஆங்கிலப் பாடம்: சாதாரண நிகழ்காலம்

இடம்பெயர்ந்த குடும்பங்களிடம் விபரம் எடுக்க வரும் வெளிநாட்டு உத்தியோகத்தர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கேட்கிறார்கள். நமது பதிலில் ஒரு சிறு சொல் மாறினால், படிவத்தில் எழுதப்படும் விபரமும் மாறிவிடலாம். ஆகவே இப்பாடத்தில் ஆங்கிலத்தின் சாதாரண நிகழ்காலத்தைப் படிப்போம்.

எப்போது பயன்படுத்துவது?

தமிழில் சொந்த ஊரில் நிலையாக வாழ்வதற்கும், முகாமில் சில காலம் தங்கியிருப்பதற்கும் “வசிக்கிறேன்” என்ற ஒரே சொல் போதும். ஆங்கிலத்தில் அப்படியல்ல.

“ஐ லிவ் இன் வவுனியா” என்றால், வவுனியாவே எனது நிலையான வசிப்பிடம் என்று கேட்பவர் விளங்கிக்கொள்வார். “ஐ அம் லிவிங் இன் வவுனியா” என்றால், இப்போதைக்கு அங்கே இருக்கிறேன் என்று விளங்கிக்கொள்வார். முதலாவது சாதாரண நிகழ்காலம். இரண்டாவது தொடர் நிகழ்காலம்.

நிலையானவற்றையும், வழக்கமாகச் செய்பவற்றையும், எப்போதும் உண்மையானவற்றையும் சாதாரண நிகழ்காலத்தில் சொல்கிறோம். தற்காலிகமானவற்றுக்கும் இந்த நேரத்தில் நடப்பவற்றுக்கும் தொடர் நிகழ்காலம் உரியது.

நம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் மூன்று விடயங்களைப் பார்ப்போம்.

1. “வெயார் டூ யூ கம் ஃப்ரொம்?” இது எங்கிருந்து பயணம் செய்து வந்தீர்கள் என்ற கேள்வி அல்ல, உங்கள் சொந்த ஊர் எது என்ற கேள்வி. 1990ஆம் ஆண்டு தெல்லிப்பழையை விட்டு வெளியேறி, பின்னர் பல இடங்களில் தங்கிய குடும்பமும் “வீ கம் ஃப்ரொம் தெல்லிப்பழை” என்றே சொல்லலாம். எத்தனை வருடம் சென்றாலும் சொந்த ஊர் நிகழ்காலத்திலேயே நிற்கும்.

2. “வட் டூ யூ டூ?” உங்கள் தொழில் என்ன என்று கேட்கிறார்கள். “வட் ஆர் யூ டூயிங்?” என்றால்தான் இப்போது என்ன செய்கிறீர்கள் என்று அர்த்தம். முதற் கேள்விக்குச் சிலர் “நத்திங்”, அதாவது ஒன்றுமில்லை, என்று பதில் சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொன்னால் தொழிலற்றவர் என்று பதியப்படலாம். “ஐ அம் எ ஃபாமர். ஐ டோன்ட் ஹாவ் லாண்ட் ஹியர்” என்று சொல்லுங்கள். நான் கமக்காரன், இங்கே எனக்குக் காணியில்லை என்ற இரண்டும் உண்மையே.

3. “டூ யூ ஓன் லாண்ட்?” சொந்தக் காணி உண்டா? காணிக்குப் போக முடியாதிருந்தாலும் உரிமை உங்களுடையதென்றால், “வீ ஓன் டூ ஏக்கர்ஸ்” என்பதே சரி. “வீ ஓன்ட்” என்று சொன்னால், முன்பு இருந்தது, இப்போது இல்லை என்று பொருள்பட்டுவிடும்.

பஸ், கிளினிக் போன்றவற்றின் நேரங்களையும் இக்காலத்திலேயே சொல்வார்கள். “த பஸ் லீவ்ஸ் அட் சிக்ஸ்” என்றால் பஸ் 6 மணிக்குப் புறப்படும்.

எப்படி அமைப்பது?

தமிழில் செய்கிறேன், செய்கிறாய், செய்கிறார்கள் என ஆளுக்கு ஆள் விகுதி மாறுகிறது. சாதாரண நிகழ்காலத்தில் பெரும்பாலான ஆங்கில வினைகளுக்கு ஒரேயொரு மாற்றந்தான்.

ஐ, யூ, வீ, தே என்பவற்றுடன் வினைச்சொல் அப்படியே வரும்: “வீ குரோ ஒனியன்ஸ்” – நாங்கள் வெங்காயம் பயிரிடுகிறோம்.

ஹீ, ஷீ, இட் என்பவற்றுடனும், ஒருவருடைய பெயருடனும், வினையின் இறுதியில் ‘எஸ்’ எழுத்துச் சேரும்: “ஷீ குரோஸ் ஒனியன்ஸ்” – அவள் வெங்காயம் பயிரிடுகிறாள்.

கோ, டீச், வொஷ் போன்ற சொற்களுடன் ‘ஈ, எஸ்’ என்ற இரண்டு எழுத்துக்கள் சேரும்: கோஸ், டீச்சஸ், வொஷஸ். ஹாவ் என்பது ஹாஸ் ஆக மாறும். அம், இஸ், ஆர் என்பவை தனி வகை: ஐ அம், ஹீ இஸ், வீ ஆர்.

இல்லை என்று சொல்ல “டோன்ட்” அல்லது “டஸன்ட்” சேர்க்க வேண்டும்: “வீ டோன்ட் குரோ பாடி” – நாங்கள் நெல் விதைப்பதில்லை. “ஹீ டஸன்ட் குரோ பாடி” – அவர் நெல் விதைப்பதில்லை. டஸன்ட் வந்தால் வினையில் மீண்டும் ‘எஸ்’ சேர்க்கக் கூடாது. கேள்விக்கு “டூ” அல்லது “டஸ்” முன்னே வரும்: “டஸ் ஷீ கோ டு ஸ்கூல்?” – அவள் பாடசாலைக்குப் போகிறாளா?

இன்னொன்றையும் கவனிப்போம். தமிழில் “பயிரிடுகிறோம்” என்றாலே யார் என்பது விளங்கும். ஆங்கிலத்தில் “குரோ” என்று மட்டும் சொன்னால் விளங்காது. ஐ, வீ, ஷீ என்பவற்றை விடாது சொல்ல வேண்டும்.

பயிற்சி

பொருத்தமான சொல்லைத் தெரிவு செய்க.

1. மை ஹஸ்பண்ட் (ஹாவ் / ஹாஸ்) எ டீட். – என் கணவரிடம் காணி உறுதி உண்டு.
2. வீ (நீட் / நீட்ஸ்) சீட்ஸ். – எங்களுக்கு விதை தேவை.
3. மை டோட்டர் (கோ / கோஸ்) டு ஸ்கூல். – என் மகள் பாடசாலைக்குப் போகிறாள்.
4. ஹீ டஸன்ட் (ஓன் / ஓன்ஸ்) எ டிராக்டர். – அவரிடம் சொந்த டிராக்டர் இல்லை.

விடைகள்: 1. ஹாஸ். 2. நீட். 3. கோஸ். 4. ஓன்.

இனி உங்கள் ஊர், தொழில், காணி, குடும்பம், தேவை ஆகிய ஐந்தைப் பற்றியும் ஒவ்வொரு வசனம் எழுதுங்கள். பாடசாலைப் பிள்ளைகளைக் கேள்வி கேட்கச் சொல்லி, வாய்விட்டுப் பதில் சொல்லிப் பழகுங்கள். அடுத்த முறை படிவத்துடன் ஒருவர் வரும்போது அந்த ஐந்து வசனங்களும் உங்கள் வாயிலிருந்தே வரட்டும்.