கீஸ்டோன் எக்ஸ்எல்: 1,947 கிலோமீட்டர் பைப்லைன், ஒரே ஒரு கையெழுத்து

கீஸ்டோன் எக்ஸ்எல் பத்தி பேச்சு வந்தாலே ரெண்டு கட்சி ஆயிடும். "வேலை வரும்"னு ஒரு பக்கம், "பூமி சூடாகும்"னு இன்னொரு பக்கம். இந்த வாரம் நாம போட்ட வீடியோவிலும் பாதி நேரம் அதுக்கே போயிடுச்சு. அதனால இங்க ஒரு சி.ஏ.வா எனக்கு முக்கியமாப் படுற கேள்வியை மட்டும் எடுத்துக்கறேன். இந்த ப்ராஜெக்ட்டோட ரிஸ்க் யார் தலையில இருந்தது? கடைசியில யார் தலைக்கு மாறுச்சு?

முதல்ல அடிப்படை விவரம். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்துல எண்ணெய் மணல்னு ஒண்ணு இருக்கு. அதிலிருந்து கிடைக்கிறது கெட்டியான, கனமான கச்சா எண்ணெய். அதைச் சுத்திகரிக்கிற வசதியுள்ள பெரிய ஆலைகள் அமெரிக்காவின் டெக்சாஸ், லூசியானா கடலோரத்துல இருக்கு. 2008ல டிரான்ஸ்கனடா கம்பெனி (2019ல இருந்து பெயர் டிசி எனர்ஜி) ஒரு திட்டம் வச்சுது. ஆல்பர்ட்டாவின் ஹார்டிஸ்டியிலிருந்து நெப்ராஸ்காவின் ஸ்டீல் சிட்டி வரைக்கும் சுமார் 1,947 கிலோமீட்டருக்கு 36 அங்குலக் குழாய், நாளைக்கு 8,30,000 பீப்பாய். அங்கிருந்து தெற்கே போறதுக்கு அவங்களோட கீஸ்டோன் லைனையே பயன்படுத்திக்கலாம்.

சரி, ஆல்பர்ட்டாவுக்கு ஏன் இவ்வளவு அவசரம்? விலைதான். அவங்க எண்ணெய்க்கு வெஸ்டர்ன் கனடியன் செலக்ட்னு ஒரு தனி விலை உண்டு. அது அமெரிக்க டபிள்யூ.டி.ஐ. விலையை விட எப்பவும் குறைவு. தரம் கம்மி, தூரமும் அதிகம், அதனால கொஞ்சம் கழிவு நியாயம்தான். ஆனா பைப்லைன் எல்லாம் நிரம்பி, சரக்கு தேங்கினா வாங்குறவர் கேட்ட விலைக்குத்தான் தள்ளணும். 2018 கடைசியில அந்த வித்தியாசம் 40 டாலரைத் தாண்டுச்சு. 2019 ஜனவரியிலிருந்து நாளைக்கு 3,25,000 பீப்பாய் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி ஆல்பர்ட்டா அரசே உத்தரவு போட வேண்டி வந்துச்சு. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். நியாயமான கழிவு 15 டாலர்னு வச்சுக்குங்க. கிடைச்சது 40 டாலர் கழிவு. பீப்பாய்க்கு 25 டாலர் நஷ்டம். 8,30,000 பீப்பாய்க்கு ஒரு நாளைக்கு 2 கோடி டாலருக்கு மேல வருது. இந்த நம்பரைத் தெரிஞ்சுக்காம "ஏன் இவ்வளவு அடம்?"னு கேட்டா பதில் கிடைக்காது.

வேலைவாய்ப்பு வாதம் எனக்கு அவ்வளவா ஏறல. அமெரிக்க வெளியுறவுத் துறை 2014ல வெளியிட்ட சுற்றுச்சூழல் அறிக்கைப்படி, கட்டுமான சமயத்துல நேரடியாவும் மறைமுகமாவும் சேர்த்து சுமார் 42,100 வேலை. கட்டி முடிச்ச பிறகு? சுமார் 50.

அதே அறிக்கையில இன்னொரு இடம் இருக்கு. நிதி படிக்கிறவங்க நின்னு கவனிக்க வேண்டிய இடம். பைப்லைன் வந்தாலும் வராட்டியும் எண்ணெய் எடுக்கிறது பெருசா மாறாது, ரயிலில் போயிடும்னு அறிக்கை சொல்லுச்சு. அப்போ எண்ணெய் விலை 100 டாலர் பக்கத்துல. ரயிலுக்குக் கூடுதல் செலவு ஆனாலும் தாங்கும். ஆனா விலை 65லிருந்து 75 டாலருக்குள்ள இருந்தா, போக்குவரத்துச் செலவு உற்பத்தியையே பாதிக்கலாம்னும் அதுலயே எழுதியிருந்தாங்க. ஒரு வருஷத்துக்குள்ள விலை 50 டாலருக்கு வந்துருச்சு. 2015 பிப்ரவரியில அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதையே சுட்டிக்காட்டி, முடிவை மறுபடி பரிசீலிக்கச் சொல்லிக் கடிதம் எழுதுச்சு. ஒரே அறிக்கை, ஒரே எக்செல் ஷீட். மாறினது விலைங்கிற ஒரு கட்டம் மட்டும்தான். அது மாறினதும் "சுற்றுச்சூழலுக்குப் பெரிய வித்தியாசம் இல்ல"ங்கிற முடிவே ஆட்டம் கண்டுருச்சு.

2015 நவம்பர்ல ஒபாமா அனுமதி மறுத்தார். கம்பெனி வரிக்குப் பிறகு 290 கோடி கனடா டாலரை ரைட் ஆஃப் பண்ணுச்சு. 2017ல டிரம்ப் வந்து அனுமதி கொடுத்தார். 2018 நவம்பர்ல மொன்டானா ஃபெடரல் நீதிமன்றம் நிறுத்தி வச்சுது. 2019 மார்ச்ல டிரம்ப் புது அனுமதியில கையெழுத்து போட்டார்.

அந்த அனுமதிப் பத்திரத்துல ஒரு ஷரத்து இருக்கு: அதிபர் தன் சொந்த விருப்பப்படி எப்ப வேணும்னாலும் இதை ரத்து செய்யலாம். ஒளிவு மறைவே இல்ல, எழுதியே கொடுத்திருக்காங்க. இன்னொரு பக்கம் பாருங்க, கம்பெனி எவ்வளவு பத்திரமா ஏற்பாடு பண்ணியிருந்ததுன்னு. நாளைக்கு 5,75,000 பீப்பாய்க்கு 20 வருஷ ஒப்பந்தம் கையில. அதாவது சரக்கு வருமாங்கிற கவலை பெரும்பாலும் தீர்ந்தாச்சு. ஆனா லைன் ஓட ஆரம்பிச்சாத்தான் அந்த ஒப்பந்தத்துல இருந்து வருமானம். ஓட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இருக்கிற அனுமதி ரிஸ்க்கை எந்த வாடிக்கையாளரும் வாங்கிக்க மாட்டார்.

யாரோ ஒருத்தர் வாங்கிக்கணுமே? 2020 மார்ச் 31 அன்னைக்கு ஆல்பர்ட்டா அரசு வாங்கிக்கிச்சு. 150 கோடி கனடா டாலர் பங்கு முதலீடு, கூடவே 600 கோடிக்குக் கடன் உத்தரவாதம். அப்போ அமெரிக்கத் தேர்தலுக்கு ஏழு மாசம்தான் பாக்கி. பைடன், முதல் தடவை இதை மறுத்த ஒபாமாவோட துணை அதிபரா இருந்தவர். மே மாசம் அவரோட பிரசாரக் குழு, ஜெயிச்சா ரத்துன்னு வெளிப்படையாவே அறிவிச்சுது. 2021 ஜனவரி 20, பதவியேற்ற அதே நாள்ல ரத்து.

ஜூன்ல கம்பெனி திட்டத்தையே கைவிட்டுது. அந்த வருஷம் முதல் காலாண்டுலயே வரிக்குப் பிறகு 220 கோடி கனடா டாலர் இம்பேர்மென்ட் போட்டிருந்தாங்க. ஆல்பர்ட்டா அரசுக்கு நஷ்டம் சுமார் 130 கோடி. மாகாணத்துல சுமார் 43 லட்சம் பேர். தலைக்குச் சுமார் 300 கனடா டாலர், கைக்குழந்தை உட்பட. கம்பெனி பங்கு வச்சிருந்தவர் தெரிஞ்சு ரிஸ்க் எடுத்தார், டிவிடெண்டும் வாங்கினார். இந்த 43 லட்சம் பேரை யாரும் கேட்கல. விலை வித்தியாசத்தால மாகாணம் இழந்துக்கிட்டிருந்தது உண்மை, எதையாவது செய்யணும்ங்கிற அவசரமும் உண்மை. ஆனா கடன் உத்தரவாதத்தைத் தேர்தல் முடிவு தெரிஞ்ச பிறகு கொடுத்திருந்தா என்ன குறைஞ்சிருக்கும்? ஒரு கட்டுமான சீசன் போயிருக்கும், அவ்வளவுதான். இது என் கருத்து.

பிறகு டிசி எனர்ஜி அமெரிக்கா மேல 1,500 கோடி டாலருக்கு மேல நஷ்ட ஈடு கேட்டு சர்வதேச நடுவர் மன்றம் போச்சு. 2024 ஜூலையில, விசாரிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லன்னு மன்றம் தள்ளிருச்சு. கணக்கியல் படிக்கிற பசங்களுக்கு ஒரு குறிப்பு: இந்த மாதிரி கேஸ் போட்டுக் கேட்கிற தொகை கன்டிஞ்சென்ட் அசெட். கிட்டத்தட்ட நிச்சயம்னு ஆகுற வரை பேலன்ஸ் ஷீட்ல சொத்தாக் காட்டக்கூடாது. ஏன்னு இப்போ புரியும்.

நம்ம ஊர்க் கம்பெனிகள்ல இதை எங்க தேடுறது? ஆண்டறிக்கையில கேபிடல் வொர்க் இன் ப்ராக்ரஸ்னு ஒரு வரி இருக்கும். பாதியில நிக்கிற வேலைக்குக் கொட்டின பணம் எல்லாம் அங்கதான். 2021 ஏப்ரலிலிருந்து கம்பெனிகள் சட்டத்தின் மூணாம் அட்டவணைப்படி அதுக்கு வயசுக் கணக்கும் கொடுக்கணும்: ஒரு வருஷத்துக்குள்ள எவ்வளவு, மூணு வருஷத்துக்கு மேல எவ்வளவு, நிறுத்தி வச்ச ப்ராஜெக்ட் எவ்வளவு. மூணு வருஷத்துக்கு மேலங்கிற கட்டத்துல பெரிய தொகை இருந்தா, எந்த அனுமதிக்காகக் காத்திருக்காங்கன்னு நோட்ஸ்ல தேடுங்க. அதை யார் ரத்து பண்ண முடியும்னும் பாருங்க. அடுத்த வீடியோவில ஒரு ஆண்டறிக்கையைத் திறந்து, இந்த டேபிளை வரி வரியாப் படிச்சுக் காட்டுறேன்.