‘முந்நூறு டிகிரி தாங்கும்’ என்றால் என்ன அர்த்தம்?

உருக்காலையில் ‘ஹீட்’ என்றால் சூடு மட்டும் இல்லை. உலையில் ஒரே தடவையில் உருக்கி ஊற்றும் மொத்த உலோகத்துக்கும் அதுதான் பெயர். ஒவ்வொரு ஹீட்டுக்கும் ஓர் எண் உண்டு. கார்பன் எவ்வளவு, குரோமியம் எவ்வளவு, கந்தகம் எவ்வளவு என்று ஆய்வகம் கண்டுபிடித்ததெல்லாம் அந்த எண்ணின் கீழ்தான் பதிவாகிறது. அந்த ஹீட்டில் வார்த்த பில்லட்டும், உருட்டிய கம்பியும், சுருட்டிய காயிலும் வாங்குபவர் கைக்குப் போகும்வரை அந்த எண்ணைச் சுமந்தாக வேண்டும். எண் தொலைந்துவிட்டால் எஃகு ஒன்றும் கெட்டுப்போவதில்லை. ஆனால் அதை நம்பி யாரும் ஒரு ஆக்ஸில் செய்ய மாட்டார்கள். மறுபடி சோதனைக்கு அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஸ்கிராப்பில் தள்ள வேண்டும்.

சேலம், நாமக்கல் சமவெளியில் சூட்டோடு பிழைப்பு நடத்துகிறவர்கள் நிறையப் பேர். சேலம் உருக்காலை 1981-ல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு உருட்டத் தொடங்கி, 2010-ல் தானே உருக்கி வார்க்கும் ஆலையாக வளர்ந்தது. மேச்சேரி பக்கம் பொட்டனேரியில் வாகனங்களுக்கான அலாய் எஃகு தயாராகிறது. வெள்ளைக்கல்லைச் சுட்டு உலைச் செங்கலாக்கும் தொழிலும் இந்த மண்ணுடையதுதான். நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரி பாடி கட்டும் பட்டறைகள், ரிக் வண்டி கட்டுமிடங்கள், பெயின்ட் அடுப்புகள், டயர் ரீட்ரெடிங் கூடங்கள். இத்தனை இடத்திலும் பொருளை அடையாளம் காட்டுவது உள்ளங்கையில் அடங்கும் ஒரு லேபிள்தான். லட்ச ரூபாய் சரக்கை அதை நம்பித்தான் அனுப்புகிறோம். ஆனால் அதை வாங்கும்போது மட்டும், ‘எத்தனை டிகிரி தாங்கும்?’ என்ற ஒற்றைக் கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறோம். பாதித் தவறுகள் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

‘தெர்மல் லேபிள்தானே, சூடு தாங்கும்.’

இந்த நம்பிக்கையை முதலில் உடைக்க வேண்டும். உண்மை இதற்கு நேர் எதிர். ரோலின் மேல் ‘தெர்மல்’ என்று மட்டும் போட்டிருந்தால், அது சூடு பட்டால் கறுக்கும் காகிதம் என்று பொருள். பிரிண்டரின் தலை சூடாகி, காகிதத்தில் பூசிய ரசாயனத்தைத் தொட்ட இடத்தில் கறுக்க வைக்கிறது. எழுத்து உருவாவது அப்படித்தான். அந்தப் பூச்சுக்கு பிரிண்டர் சூடும் ஒன்றுதான், வெயில் சூடும் ஒன்றுதான். எடை மேடைச் சீட்டை டிரைவர் டாஷ்போர்டில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறார். சித்திரை வெயிலில் கண்ணாடி மூடிய கேபினுக்குள் திரும்பி வரும்போது சீட்டு சாம்பல் நிறமாகிக் கிடக்கிறது, இல்லையென்றால் எழுத்து வெளிறிப்போயிருக்கிறது. அந்தச் சீட்டும் பட்டறையில் ஒட்டுகிற மலிவான பார்கோடு லேபிளும் ஒரே காகிதம். நூறு டிகிரியை நெருங்கும்போதே முழுதும் கறுத்துவிடும். அதில் பார்கோடு எங்கே என்று ஸ்கேனருக்குத் தெரியாது.

சூட்டுக்குப் போகும் லேபிளில் ரிப்பன் வைத்து அச்சிட வேண்டும். ரிப்பனிலும் வகை உண்டு. மெழுகு ரிப்பன் விலை குறைவு, ஆனால் மெழுகு மெழுகுதான், சூட்டில் இளகிவிடும். ரெசின் ரிப்பன்தான் சூட்டுக்கும் கரைப்பானுக்கும் நிற்கும். காகிதத்துக்கு வாங்கிய மெழுகு ரிப்பனையே மிச்சம் பிடிக்கிறோம் என்று ஃபிலிம் லேபிளுக்கும் போட்டால், ஃபிலிம் அடுப்பிலிருந்து முழுசாக வெளியே வரும், எழுத்து வராது.

‘முந்நூறு டிகிரி என்று அட்டையில் போட்டிருக்கிறது. நம் அடுப்பு இருநூறுதான். பயமில்லை.’

எத்தனை நிமிடத்துக்கு முந்நூறு? கேட்டீர்களா? அலைபேசி, டிவிக்குள் இருக்கும் எலெக்ட்ரானிக் போர்டுகளில் தேன் நிறத்தில் ஒட்டும் பாலிஇமைடு லேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். ‘காப்டன்’ என்ற பெயரில் பலருக்குப் பழக்கம். 1960-களில் டூபான்ட் நிறுவனம் கொண்டுவந்த ஃபிலிம் அது, விண்வெளிக்கலங்களில்கூடப் பயன்படுகிறது. ஈயமில்லாத சால்டரை உருக்கும் அடுப்பில் சூடு 240 முதல் 260 டிகிரி வரை ஏறும். ஆனால் அந்த உச்சத்தில் போர்டு இருப்பது சில விநாடிகள், கூடிப்போனால் ஒரு நிமிடம். லேபிளின் மேல் எழுதிய எண் பெரும்பாலும் அந்தக் குறுகிய நேரத்துக்கானது. அதே லேபிளை அதே சூட்டில் எட்டு மணி நேரம் விட்டால் முடிவு வேறு.

அதோடு, லேபிள் என்பது ஒரே பொருள் அல்ல. மேலே எழுத்து, நடுவில் ஃபிலிம், அடியில் பசை என்று மூன்று அடுக்கு. இவற்றில் எது முதலில் தோற்கிறதோ, லேபிளின் அளவு அதுதான். பாலிஇமைடு உருகவே உருகாது. மிக அதிகச் சூட்டில் கருகும், அவ்வளவுதான். ஆனால் அடியில் சாதாரண அக்ரிலிக் பசை என்றால் பசை முதலில் கைவிடும். நீடித்த சூட்டுக்கு சிலிகோன் பசை நல்லது. பாலியெஸ்டர் ஃபிலிம் உருகுவது சுமார் 250 டிகிரியில். அதை வைத்து, 200 டிகிரி பவுடர் கோட்டிங் அடுப்புக்கு அது போதும் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. உருகுவதற்கு வெகு முன்பே, 150-ஐத் தாண்டும்போதே, சாதாரண பாலியெஸ்டர் சுருங்கத் தொடங்கும். ஓரம் தூக்கும், பார்கோட்டின் கோடுகள் ஒன்றையொன்று நெருங்கும். பார்ப்பதற்கு லேபிள் ஒட்டித்தான் இருக்கும். ஸ்கேனர்தான் படிக்காது.

டிகிரி மட்டும் பார்த்து ஏமாறுவதற்கு டயர் இன்னொரு உதாரணம். ரீட்ரெடிங் அறைக்குள் சூடு பெரிதாக ஒன்றும் இல்லை. குளிர்முறை என்று சொல்கிறார்களே, அதில் நூற்றுக்குச் சற்று மேல்தான். ஆனால் மணிக்கணக்காக அழுத்தமும் சேர்ந்து இருக்கும், ரப்பருக்குள்ளிருந்து கந்தகமும் எண்ணெயும் கசிந்துகொண்டே இருக்கும். அதனால்தான் புது டயரின் விளிம்பில் உள்ள பார்கோடு, பச்சை ரப்பரோடு சேர்ந்து வெந்து ஒன்றாகிவிடும்படி தனியாகச் செய்யப்படுகிறது. நூற்றைம்பது டிகிரி ஸ்டிக்கர் என்று கடையில் வாங்கி ஒட்டினால் அது நிற்காது.

‘சூடுமானியால் அளந்து பார்த்துத்தான் வாங்கினேன்.’

இதைச் சொல்கிறவர்கள் கவனமானவர்கள். அதனாலேயே இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

பட்டறையில் கையில் துப்பாக்கி மாதிரி பிடித்து அளக்கும் அகச்சிவப்பு சூடுமானி, சூட்டை நேராகத் தொட்டு அளப்பதில்லை. பொருள் வெளியே விடும் கதிர்வீச்சைப் பார்த்து ஊகிக்கிறது. கறுப்பான, சொரசொரப்பான பரப்பு நன்றாக உமிழும். பளபளக்கும் உலோகம் மிகக் கொஞ்சமாகத்தான் உமிழும், மீதிக்குச் சுற்றுப்புறத்தைக் கண்ணாடி மாதிரி பிரதிபலிக்கும். விலை குறைந்த கருவிகள் எல்லாப் பரப்பையும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு உமிழும் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகின்றன. மெருகேற்றிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அதில் மூன்றில் ஒரு பங்குகூட உமிழாது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு பளபளப்பான எவர்சில்வர் குண்டானில் தண்ணீர் வைத்துத் தளதளவென்று கொதிக்க விடுங்கள். அடுப்பை அணைத்த கையோடு பக்கச் சுவரில் கருவியைக் காட்டுங்கள். உள்ளே கொதிநீர், கையை வைத்தால் பொத்துப்போகும். ஆனால் கருவி அதில் பாதிகூடக் காட்டாமல் போகலாம். இப்போது அதே இடத்தில், கை சுட்டுக்கொள்ளாமல், கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, ஒரு நிமிடம் விட்டு, டேப்பின் மேல் அளந்து பாருங்கள். உண்மைக்கு வெகு அருகில் வந்து நிற்கும். பாத்திரம் ஒன்றுதான், சூடும் ஒன்றுதான். மாறியது பரப்பு மட்டும். ஸ்டீல் ஊர்க்காரர்களாகிய நாம் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். புது சைலன்சரையும் பளபளக்கும் குழாயையும் இந்தக் கருவியால் அளந்து, எண்பது டிகிரிதான் என்று வினைல் ஸ்டிக்கர் ஒட்டி, அது ஒரே நாளில் சுருண்டால் ஸ்டிக்கரைத் திட்டிப் பயனில்லை. அதிகச் சூட்டுக்கு டேப் ஆகாது. மங்கலான கறுப்பு ஹீட் பெயின்ட்டைச் சிறு வட்டமாக அடித்து அதன்மேல் அளக்கலாம். தெர்மோகப்பிள் கம்பியைப் பரப்பில் பதித்து அளப்பது இன்னும் நம்பகம்.

‘உலோகத் தகடு அடித்துவிட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை.’

எந்த உலோகம்? அலுமினியம் 660 டிகிரியில் உருகும். தொடர்வார்ப்பில் வெட்டி வெளியே வரும் பில்லட் எண்ணூறு, தொள்ளாயிரம் டிகிரியில் சிவந்து கிடக்கும். அதில் அலுமினிய டேக் வைத்தால் சொட்டிவிடும். ஆறி அறுநூறுக்குக் கீழே வந்த பிறகு வேண்டுமானால் பூச்சிட்ட அலுமினியத் தகடு பயன்படும். அதற்கு மேல் மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேக்தான். அதை பில்லட்டின் முனையில் ஆணி அடித்தோ பற்றவைத்தோ பிடிக்கச் செய்ய வேண்டும். அந்தச் சூட்டில் எந்தப் பசைக்கும் வேலையில்லை. தகட்டின் எழுத்தும் பீங்கான் பூச்சாக இருக்க வேண்டும், அல்லது பஞ்ச் அடித்த குழியாக இருக்க வேண்டும். சாதாரண மை சூட்டில் பறந்துவிடும்.

கால்வனைசிங் போகும் பொருளுக்கு இன்னொரு கண்டம். துத்தநாகத் தொட்டியின் சூடு சுமார் 450 டிகிரிதான், அலுமினியம் தாங்கிவிடும் என்று தோன்றும். ஆனால் தொட்டிக்கு முன்னால் எண்ணெய் நீக்கும் காரக் குளியல், துரு நீக்கும் அமிலக் குளியல் இரண்டும் இருக்கின்றன. அலுமினியத்தைக் காரமும் தின்னும், அமிலமும் தின்னும். சூட்டை எட்டுவதற்கு முன்பே டேக் கரைந்துபோகும். அங்கே ஆழமாக பஞ்ச் அடித்த எஃகு டேக்கைக் கம்பியால் கட்டுவதுதான் சரி.

‘லேபிள் எரிந்துபோனால் போகட்டும், பொருளுக்கு என்ன ஆகப்போகிறது?’

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு ஆகும். இந்த நம்பிக்கைதான் மற்ற எல்லாவற்றையும்விட ஆபத்தானது. பி.வி.சி. ஸ்டிக்கரில் குளோரின் இருக்கிறது. சூட்டில் அது ஹைட்ரஜன் குளோரைடாகப் பிரிந்து உலோகத்தின் மேல் படியும். குளோரைடும், ஈரமும், இழுவிசையும் சேர்ந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மயிரிழை விரிசல் விடும். அதனால்தான் குளோரைடு குறைந்த மார்க்கர் பேனாவையும் டேப்பையும் தவிர வேறெதையும் அந்த உலோகத்தின் மேல் அணு உலைத் துறை அனுமதிப்பதில்லை. துத்தநாகம் இன்னும் மோசம். 419 டிகிரியில் உருகி, சிவக்கச் சூடான ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் மேல் வழிந்தால், உலோக மணிகளின் இடுக்கில் புகுந்து நொடியில் பிளக்க வைக்கும். 1974-ல் இங்கிலாந்தில் ஃபிளிக்ஸ்பரோ ரசாயன ஆலை வெடித்து 28 பேர் இறந்தார்கள். வெடிப்புக்கு மூலகாரணம் வேறு. ஆனால் அந்தத் தீயில் உருகிய துத்தநாகத்தால் ஒரு ஸ்டெயின்லெஸ் குழாய் பிளந்திருந்ததை விசாரணையில் கண்டார்கள். ஆகவே ஸ்டெயின்லெஸ் பொருளில் ஜி.ஐ. கம்பியால் டேக் கட்டி உலைக்குள் அனுப்பாதீர்கள். வெல்டிங் வைக்கும் முன் ஸ்டிக்கரையும் அதன் பசையையும் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள்.

‘சூடாக இருக்கும்போதே ஒட்டினால் நன்றாகப் பிடிக்கும்.’

பசை இளகுவதைப் பார்த்து வந்த நம்பிக்கை இது. பெரும்பாலான லேபிள்கள் சாதாரணச் சூட்டில் ஒட்டி, அழுத்தி, ஒரு நாள் ஊறவிட்டு, அதற்குப் பிறகு சூட்டுக்குப் போவதற்காகச் செய்யப்பட்டவை. சூடான பரப்பில் நேராக ஒட்டும் வகை தனி, அதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காமல் ஒட்டினால் எந்த வகையும் நிற்காது.

கடைசியாக லாரிக்காரர்களுக்கு ஒன்று. வண்டி தீப்பிடித்தால் ஆர்.சி. புத்தகம், ஸ்டிக்கர், ஃபாஸ்டேக், ரிவிட் அடித்த அலுமினிய நேம் பிளேட் எதுவும் மிஞ்சாது. சேசிஸ் சட்டத்தின் இரும்பில் பதித்த எண் மிஞ்சும். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 122-ஆம் விதி அதைப் பதிக்கச் சொல்கிறது. இன்சூரன்ஸ்காரர் எரிந்துபோன வண்டியில் முதலில் தேடுவது அந்த இடத்தைத்தான். பாடி கட்டக் கொடுக்கும்போது பட்டறையில் சொல்லிவிடுங்கள், அந்த எண்ணின் மேல் பட்டி பூச வேண்டாம், கிரைண்டர் போட வேண்டாம், குறுக்கே பட்டை வைத்து வெல்டிங் அடிக்க வேண்டாம். வண்டியை எடுக்கும் அன்று துணியால் துடைத்து, ஒவ்வொரு எழுத்தையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டு, ஒரு படம் எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.